செல்லி செய்தது சரியா?

செவ்வாய்க் கோளின் செம்பொழில் குடியிருப்பில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பொண்ணு தலையில என்ன புத்தகம்?" என்றுதான். நாவல் என்றால் குடும்பம் நல்ல குடும்பம். பழைய சட்டத் தொகுப்பு என்றால் மாமியார் கொஞ்சம் யோசிப்பார். மாப்பிள்ளை தலையில் கவிதை இருந்துவிட்டால் சம்பளத்தை இரண்டு முறை விசாரிப்பார்கள்.

காரணம் வேறொன்றுமில்லை. செவ்வாயின் புழுதிப்புயல் மின்னேறிய புயல். அது ஒருமுறை அடித்து ஓய்ந்தால் எந்த இயந்திரத்தின் நினைவகமும் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்தான். பூமியிலிருந்து ஆசை ஆசையாகக் கொண்டுவந்த நூல்கள் இரண்டு முறை இப்படிப் பாழாய்ப் போயின. மனித மூளையை மட்டும் அந்தப் புயலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே இடமும் தாராளமாகக் காலியாகக் கிடந்தது. ஆகவே நூலகத்தை நவீனமாக்கிவிட்டார்கள். காதுக்குப் பின்னால் 'செவிப்பூட்டு' என்று ஒரு பொத்தான், தலைக்கு ஒரு நூல். பூட்டை ஒருமுறை அழுத்தினால் ஊரில் உள்ள எந்த நூலின் பின்னட்டைக் குறிப்பும் கண்முன் வரும். இரண்டு முறை அழுத்தினால் நூல் யார் தலையில் இருந்தாலும் திறந்துகொள்ளும். யார் எதைத் திறந்தார் என்று நூலகர்கூடப் பார்க்கக் கூடாது, அது அந்தரங்கம் என்று சட்டமே இருந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். மூளைக்குள் இருக்கும் நூலைத் திறந்து படித்தால், படிப்பவரின் அபிப்பிராயம் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக்குள் ஊறும். முடிவு பிடிக்காத ஒருவர் படித்துவிட்டுப் போனால் அடுத்து வருபவருக்கு முடிவே வேறாக இருக்கும். இதற்குக் 'கறை' என்று பெயர். பத்தில் ஒரு பங்கு நூல்களில் கறை கண்டால் பூமி எல்லா நூல்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளும். நூலகத்துக்குப் பூட்டுதான்.

அந்த நூலகத்தின் நூலகர் சொர்ணவடிவு. இந்த வேலைக்கு வருமுன் அவள் காளான் பண்ணையில் இருந்தவள். நிலத்தடிச் சுரங்கம், எந்நேரமும் ஈரம், எத்தனை தேய்த்துக் குளித்தாலும் கூந்தலை விட்டுப் போகாத வாடை. நூலகத்தை மூடினால் திரும்ப அங்கேதான் அனுப்புவார்கள். எனவே, கறை பார்க்கப் பூமியிலிருந்து நூலாய்வி என்னும் இயந்திரம் ஒன்று புறப்பட்டுவிட்டது என்று செய்தி வந்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. செம்பொழில் மாதிரி நூல்களைப் பற்றிப் பேசுகிற ஊர் சூரிய மண்டலத்திலேயே கிடையாது. டீக்கடையில் பேசுவார்கள், கல்யாணப் பந்தியில் பேசுவார்கள், காற்றுக் குழாய் பழுது பார்க்கும்போதும் பேசுவார்கள். அதிலும் 'நதியற்ற ஊரின் படகோட்டி' என்ற நாவல் ஊரையே இரண்டாக்கியிருந்தது. படகோட்டியை விட்டுவிட்டுச் செல்லி போய்விடுகிறாள். அவள் போனது சரிதான் என்று ஒரு கட்சி. ஆயிரம் இருந்தாலும் அவள் போயிருக்கக் கூடாது என்று இன்னொரு கட்சி. இதில் இரண்டு சம்பந்தங்கள் முறிந்தன. டீக்கடை சங்கரபாகம் எதிர்க்கட்சிக்காரர்களுக்குச் சர்க்கரையை நிறுத்தினார். குடியிருப்பு மன்றத் தலைவர் எபனேசர் அண்ணாச்சி படகோட்டியின் பக்கம். சொர்ணவடிவு செல்லியின் பக்கம். மகளிர் கூட்டத்தில் செல்லிக்காக அவள் பேசிய பேச்சில் பாதிப் பேர் அழுதார்கள்.

இவ்வளவு பேசுகிறவர்கள் எவ்வளவு படித்திருப்பார்கள்! எத்தனை முறை திறந்து திறந்து படித்திருப்பார்கள்! அந்த நாவல் இந்நேரம் கறையேறி அடையாளம் தெரியாமல் போயிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. நூலாய்வி வரும்வரை யாரும் எதையும் தயவுசெய்து படித்துவிட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் மிகுந்த சிரமத்தோடு சம்மதித்தார்கள். பழகிய பழக்கத்தை எப்படி விடுவது என்று சங்கரபாகம் பெருமூச்சுவிட்டார்.

நூலாய்வி வந்தது. முக்காலி உயரம்தான் இருக்கும், பேச்சு மட்டும் பாடநூல் பேச்சு. ஊராரை வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொரு செவிப்பூட்டிலும் தன் விரலைச் செருகிப் பார்த்தது. சொர்ணவடிவு தன் முறையும் முடிந்தபின் ஓரமாக நின்று அதன் முகத்தையே பார்த்தாள். முகம் என்று சொல்ல அதற்கு ஒரு விளக்குதான் இருந்தது. கடைசியில் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்டாள், கறை எவ்வளவு என்று.

"கறையே இல்லை. ஒரு நூலிலும் இல்லை, ஒரு பக்கத்திலும் இல்லை," என்றது நூலாய்வி. "பூமியில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிய நூல்களைக்கூட இத்தனை சுத்தமாக நான் கண்டதில்லை. பின்னட்டைக் குறிப்புகள் மட்டும் பலத்த தேய்மானம்."

அப்பாடா என்று சொர்ணவடிவு நாற்காலியில் விழுந்தாள். காளான் வாடை காத தூரம் போனது. அரை நிமிடம் கழித்துத்தான் சொன்னதன் பொருள் மண்டையில் ஏறியது.

"அப்போ அந்தப் படகோட்டி கதை?"

"புத்தம் புதிது. படகோட்டிக்கு அதில் திருமணமே ஆகவில்லை. செல்லி என்பது அவனுடைய எருமை."

சொர்ணவடிவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மகளிர் கூட்டம் ஞாபகம் வந்தது. அடக் கடவுளே, எருமைக்காகவா அத்தனை பேரை அழவைத்தோம் என்று காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் வெட்கம் தணியுமுன் நூலாய்வி தொடர்ந்தது: கறையில்லாதது நல்லது, வாசகரே இல்லாதது நல்லதல்ல, இரண்டையும் அறிக்கையில் எழுதும், அறிக்கையை ஏற்பதும் மறுப்பதும் மன்றத்தின் விருப்பம்.

விருப்பமாவது! ஒருவரும் படிக்கவில்லை என்று எழுத்தில் வந்தால் மன்றம் நூலகத்தை வைத்திருக்குமா? சொர்ணவடிவுக்கு மறுபடி காளான் வாடை அடித்தது. சுற்றிச் சுற்றி யோசித்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அறிக்கையும் நூல்தானே, அதற்குப் பின்னட்டைக் குறிப்பு யார் எழுதுவது? அது நூலகரின் வேலை என்று விதியைச் சொன்னது நூலாய்வி. அவள் முகம் மலர்ந்தது.

அறிக்கை கைக்கு வந்ததும் அன்றைக்கே உட்கார்ந்து குறிப்பை எழுதினாள். 'பூமியிலும் காணாத தூய்மை! ஒரு பக்கமும் கறைபடாமல் நூல்களைக் காத்த செம்பொழில் மக்களின் ஒப்பற்ற வரலாறு.' இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்பதில் அவளுக்கு அலாதித் திருப்தி. அறிக்கையைத் திறக்க அவளுக்கு நேரமில்லை. உள்ளே என்ன இருக்கும் என்றுதான் தெரியுமே.

மன்றம் கூடிய நாளில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் கதவோரம் நின்றார்கள். இரண்டு கட்சியும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே பக்கம் பேசின. அறிக்கையின் நடை அபாரம் என்றார் ஒருவர். இடையில் கொஞ்சம் தொய்வு இருந்தாலும் முடிவு நெஞ்சைத் தொட்டது என்றார் சங்கரபாகம். எபனேசர் அண்ணாச்சி எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ராவு பூரா ஒக்காந்து படிச்சேன். கடைசிப் பக்கம் வரும்போது எனக்குக் கண்ணு கலங்கிட்டு," என்றார்.

சொர்ணவடிவு தலை குனிந்துகொண்டு சிரிப்பை விழுங்கினாள். அறிக்கையை எழுத்துப் பிசகாமல் அப்படியே ஏற்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு கை விடாமல் எல்லாம் உயர்ந்தன. அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். நூலகம் பிழைத்தது, தானும் பிழைத்தோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நூலாய்வி மன்றத்துக்கு நன்றி சொன்னது. "கடைசிப் பக்கத்தில் உள்ள பரிந்துரையை நீங்கள் ஏற்றுக்கொண்டதால் இன்றே, இங்கேயே தொடங்குகிறேன்."

என்ன பரிந்துரை என்று கேட்க எல்லோருக்கும் நாக்கு துடித்தது. எப்படிக் கேட்பது? எல்லோரும்தான் படித்துவிட்டார்களே! ஒவ்வொரு கண்ணாகச் சொர்ணவடிவின் பக்கம் திரும்பியது. குறிப்பு எழுதியவளே அவள். அவள் சால்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் இருக்கதுலயே நல்ல பரிந்துரை," என்றார் எபனேசர் அண்ணாச்சி, குரலைத் திடப்படுத்திக்கொண்டு. "தொடங்கட்டும்."

நூலாய்வி ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டது. தலையில் நூல் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த நூலைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், தெரியாதவரின் நூல் வேறொரு தலைக்கு மாற்றப்படும், அதைத் திறந்து படித்து முடிக்கும்வரை அவர் காளான் பண்ணையில் வேலை செய்வார் என்று அது அறிவித்தது. எபனேசர் அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நின்றவர்கள் மெல்ல நழுவப் பார்த்தார்கள். கதவை நூலாய்வி எப்போதோ பூட்டியிருந்தது.

"முதலில் நூலகர்," என்றது நூலாய்வி. "உங்கள் தலையில் இருப்பது 'நூலகம் நடத்தும் முறை'. அதை எப்போதாவது திறந்ததுண்டா?"

சொர்ணவடிவு போய் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். சால்வையைச் சரிசெய்துகொண்டாள். ஊர் முழுக்கத் தன்னையே பார்ப்பதை ஒருமுறை பார்த்தாள்.

"தொறந்ததில்ல," என்றாள். "ஆனா அதப் பத்திப் பேசச் சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் பேசுதேன்."

மன்றம் கைதட்டியது.