அவருக்குப் பிடிக்காத கீபோர்டு

அலமாரியின் மேல்தட்டில் துண்டில் சுற்றி வைத்திருந்த கீபோர்டு, அன்று அவள் வேலையிலிருந்து திரும்பியபோது துண்டின் மேல் கிடந்தது. துண்டு அழகாக மடிக்கப்பட்டிருந்தது. கொழுந்தன் எடுத்துப் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் அவள் கணவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதிலும் கீபோர்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் அடியில் ஸ்பிரிங் வைத்த, அம்மிக்கல் கனத்தில் ஒன்று இருந்தது. அதுதான் அவருக்கு உயிர். அதில் அவர் தட்டினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி வீடே அதிரும். மேல்தட்டில் கிடந்த, ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்த கீபோர்டையோ கண்டாலே ஆகாது. யாரோ செத்தவர் வீட்டைக் காலி செய்தபோது வேறு சாமான்களோடு வந்தது அது. ஒரே ஒரு மாலை தட்டிப் பார்த்தார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். திரும்பி வந்து, மறுபடியும் போய்க் கழுவினார்.

"அவ்வளவு ஆகலைன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றாள்.

"போட்டுட்டேன். ரெண்டு தடவை."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு துக்கம் விசாரிக்க வந்த கூட்டாளிகள், கூடத்தில் உட்கார்ந்து எந்தக் கீபோர்டு உசத்தி என்று சண்டை போட்டார்கள். கொழுந்தனும் அதே பைத்தியம்தான். அண்ணன் சட்டைகளை யாருக்கோ கொடுத்தான். தலையணை உறையைத் துவைத்துப் போட்டான். அவரென்று மிச்சம் இருந்தது அந்த ஸ்பிரிங் கீபோர்டின் இடுக்குகளில் மட்டும்தான்: நாலு தாடி முடி, கொஞ்சம் தோல் துகள். அதை ஒரு சிமிழில் எடுத்து வைக்க மனதைத் திடப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அலமாரியை விட்டுக் குளியலறைக்குப் போனால், அங்கே ஒரு வாளி. நுரைக்குள் ஸ்பிரிங் கீபோர்டின் எழுத்து மூடிகள், பிடுங்கிப் போட்ட பற்கள் மாதிரி.

"என்ன பண்ணி வச்சிருக்கே?"

"கழுவிட்டேன் அண்ணி. நாளைக்கு ஒருத்தர் எடுத்துட்டுப் போக வர்றார். பழசு கைமாறுதுன்னா முதல்ல கழட்டிக் கழுவணும், அதுதான் முறை. உள்ளே ஒரே குப்பை, முடி..."

"அந்தக் குப்பை எங்கே?"

"எங்கேன்னா? தண்ணியில போயிடுச்சு."

"நீயெல்லாம் மனுஷனா? கூடப் பொறந்தவனைச் சாக்கடையில ஊத்திட்டு, முறைன்னு வேற பேசறே!"

"முடியோட குடும்பம் நடத்தப் போறீங்களா? வெளியே சொல்லாதீங்க, சிரிப்பாங்க."

"இன்னிக்கே மூட்டையைக் கட்டு."

"இது எங்கண்ணன் வீடு. யார் கட்டறதுன்னு பார்த்துடலாம்."

"மேலே இருக்கறதையும் நோண்டியாச்சு, இல்ல?"

"அந்த ரப்பர் சனியனையா? நான் அந்த ரூமுக்குள்ளேயே போகலை."

கூடத்தில் டிவி அலறத் தொடங்கியது.

ஒரு மாலை முழுக்க அந்த ரப்பர் கீபோர்டில் தட்டினாரே. ஒரு முடியாவது விழுந்திருக்காதா? அந்த நினைப்புதான் அவளை உள்ளே தள்ளியது. கதவைச் சாத்தினாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மழையில் ஊறிய செருப்பின் வாடை அறை முழுக்க நின்றது. அதற்கு அடியில் இன்னொன்று, தூங்கி எழுந்தவரின் வாய்க்காற்றைப் போல, வெதுவெதுப்பாக, கீபோர்டை மேசையில் வைத்தபின் முகத்துக்கு நேராக வந்தது. மூடி பிடுங்கும் கம்பியை ஒரு எழுத்தில் மாட்டினாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பால்பல் மாதிரி வந்தது.

கீழே சாம்பல் நிற ரப்பர் மொட்டு. முடி இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி சுத்தம்.

இடுக்கில் ஏதாவது தட்டுப்படுமா என்று விரலை விட்டாள். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற வேலை பார்ப்பவள் அவள்; கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியாலேயே நரம்பு தேடுகிறவள். ரப்பர் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ துடித்தது. தன் நாடிதான் என்று நினைத்து, மற்ற கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

அவள் நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. இது நிதானமாக அடித்தது.

விரலை இழுத்தாள். வரவில்லை. ரப்பர் நகத்தைச் சுற்றி ஏறியிருந்தது. கடிக்கவில்லை. சப்பியது.

"தம்பி!"

டிவியின் சத்தம் இன்னும் கூடியது.

"தம்பி, வாடா!"

வலது கோடியில் ஒரு கீ அமுங்கியது. எழுந்தது. அதற்கு அடுத்தது. அதற்கு அடுத்தது. சத்தமே இல்லை. மெதுவாக, இருட்டில் தடவித் தடவி வருகிறவரைப் போல, அவள் விரலை நோக்கி. நெருங்கியதும் நின்றது.

பிறகு அவள் விரலுக்கு இந்தப் பக்கம் ஐந்தும் அந்தப் பக்கம் ஐந்துமாக, இரண்டு கைகளை ஊன்றியது போல, பத்துக் கீகள் ஒன்றாக அமுங்கின.

எழவில்லை.