மண்திட்டு

பால் பொங்கிக் கருகிய வாடை இன்னும் போகாத சமையலறையில், அடுப்புக்கு நேர் கீழே, ஒரு சாண் உயர மண்திட்டின்மேல் கரண்டி ஒன்று அலுங்காமல் படுத்திருந்தது.

"கருமம்! இங்கயும் மண்ணா?"

பகல் முழுக்க ஆற்றங்கரை அகழாய்வுக் குழியில் மண்ணோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. முந்தாநாள் மகளின் ஒற்றைச் செருப்பு. நேற்று சீப்பு. இரண்டும் இப்படித்தான் இருந்தன.

"நீதான் துணியோட மண்ணைக் கொண்டு வர்றே. என்னைக் கேட்டா எப்படி?" என்றான் கணவன், செல்போனிலிருந்து தலை நிமிராமல்.

"நான் பண்ணலம்மா, சத்தியமா," என்றாள் குட்டி. காய்ச்சலில் அவள் கண்கள் சிவந்திருந்தன.

குழிக்குள் ஒரு பொருள் தென்பட்டால் உடனே பிடுங்க மாட்டார்கள். சுற்றிலும் மண்ணை வெட்டி, அதை ஒரு திட்டின்மேல் நிற்க விடுவார்கள். தூரிகையால் துடைப்பார்கள். கடைசியில் திட்டின் அடியை அறுத்து, பலகை கொடுத்துத் தூக்குவார்கள். அடி அறுத்தபின் கை பட்டால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

போன வாரம் அப்படித்தான் உதிர்ந்தது. அந்தப் பழைய ஊரில், ஒரு வீட்டுத் தரைக்கு அடியில், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தது ஒரு குழந்தையின் எலும்புக்கூடு. எடுக்க இன்னும் ஒரு நாள் கொடுங்கள் என்று அகழாய்வு இயக்குநரிடம் கெஞ்சினாள்.

"ஆத்துல தண்ணி திறந்துட்டாங்க. இன்னிக்கே தூக்கும்மா."

"உதிர்ந்துடும் சார்."

"உதிர்ந்தா ஒட்டிக்கலாம்."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிஞ்சு மண்டையோடு அவள் உள்ளங்கையிலேயே பொடியானது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறாள்.

கரண்டியை எடுத்துவிட்டு மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். சாம்பல் நிறம், கரித்துகள், ஈர வாடை. அந்தக் குழந்தை கிடந்த வீட்டுத் தரையின் மண். மூழ்கிப்போன அந்தக் குழியோடு அது இப்போது ஆற்றுக்கு அடியில் அல்லவா கிடக்க வேண்டும்? திட்டின் பக்கங்களைப் பார்த்தாள். நூல் பிடித்தது போன்ற வெட்டு. அவளுக்கே அப்படி வராது. அவசரமே இல்லாத ஒரு கை வெட்டியது.

மறுநாள் மத்தியானம் கூடாரத்தில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது குட்டி போன் செய்தாள்.

"அம்மா, வீட்ல யாரோ பெருக்குறாங்க."

"அப்பாவா?"

"அப்பா மருந்து வாங்கப் போயிருக்கார். இவங்க மெதுவா பெருக்குறாங்கம்மா. கூசுது."

இவள் பையை எடுத்தாள்.

"இந்தப் பெட்டியை முடிச்சுட்டுப் போயேன்," என்றார் இயக்குநர்.

"நீங்களே முடிங்க சார்!"

வழியெல்லாம் வண்டிகள். சனியன் பிடித்த சிக்னல். கணவன் போனை எடுக்கவில்லை. எப்போதுதான் எடுத்தான்?

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே நல்ல வெயில் வெளிச்சம். ஆற்று ஈர வாடை. சர்... சர்... சர்...

படுக்கையறை.

கட்டில் இல்லை. தரை இருந்த இடத்தில் சதுரக் குழி. நேர் வெட்டு. நடுவில் இடுப்புயர மண்திட்டு. அதன்மேல் குட்டி. ஒருக்களித்து, முழங்கால் மடக்கி.

"குட்டீ!"

பாய்ந்து குழிக்குள் இறங்கினாள். கையை நீட்டினாள். அப்போதுதான் திட்டின் அடியைப் பார்த்தாள்.

அறுபட்டிருந்தது. ஒரு விரல்கடை மண்தான் மிச்சம்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"தொடாதம்மா," என்றாள் குட்டி, உதடு அசையாமல். "நான் அசையக்கூடாதாம்."

சர்... சர்...

குழந்தையின் நெற்றி முடி, யாரும் இல்லாத காற்றில், ஒரு பக்கமாக மெல்ல ஒதுங்கியது. முடி ஒதுங்கிய இடத்தில், தோலும் ஒதுங்கியது.