முதலில் என் கேசட்

அம்மாவின் குரல் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லை. பழையது கெட்டுப்போனதும் அப்பா அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள்.

அப்பாவும் மகளும் மழையில் நனைந்தபடி பழைய பொருள் கடைக்குள் நுழைந்தார்கள். மகள் மிகவும் ஒல்லி. வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர்.

"பழசு எதுக்கு சார்? இந்த ஸ்பீக்கர் புதுசு. போன்லயே பாட்டுக் கேக்கலாம்," என்றார் கடைக்காரர்.

"அதுல கேசட்டை எங்க சொருகுறது?" என்று கேட்டாள் குருவி.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். தூசி படிந்த ஒரு டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கினார்.

"கேசட் இருந்தா குடுங்க. போட்டுக் காட்டுறேன்."

அப்பா சட்டைப்பையிலிருந்து அம்மாவின் கேசட்டை எடுத்தார். குருவி அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்கப்பா. முதல்ல என்னோடது."

"அதுல நீ சின்ன வயசுல பாடினது இருக்கேம்மா?"

"அது போனா யாரும் அழ மாட்டாங்கப்பா."

அவள் பாட்டு இரண்டு வரி கேட்டது. பிறகு 'கிர்ர்' என்றொரு சத்தம். கடைக்காரர் பதறி மூடியைத் திறந்தார். நாடா கசங்கி, அறுந்து, கொத்தாக வெளியே வந்தது.

அப்பா அம்மாவின் கேசட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம். வீட்டுக்குப் போலாம்."

"இன்னொண்ணு பாக்கலாம்பா."

"அதுவும் தின்னுடுச்சுன்னா?"

"என்கிட்ட இன்னும் ரெண்டு கேசட் இருக்கு. எல்லாம் என் பாட்டுதான்."

"இன்னும் ரெண்டா!" கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை.

அடுத்த டேப் ரெக்கார்டர் எதையும் தின்னவில்லை. குருவி விடவில்லை. இரண்டு பக்கமும் முழுதாக ஓடவிட்டாள்.

"மிஷின் நல்லா இருக்கும்மா. பாட்டுக்கு நான் பொறுப்பில்ல," என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அதை மேசைமேல் வைத்து ஒயரைச் சொருகினார். அம்மாவின் கேசட்டைக் குருவியிடம் கொடுத்தார். தெருக்கதவைத் திறந்துகொண்டு வாசலில் போய் நின்றார்.

"நீ கேளு. நான் இங்கயே இருக்கேன்."

குருவி அவரைக் கூப்பிடவில்லை. பொத்தானை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அம்மா பேசினாள்.

"ஏங்க, வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? தெருச் சத்தமெல்லாம் பதிவாகுது பாருங்க. கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க."

அப்பா உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்.