ஒரு கோல் போதும்

‘சுவர்’ என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பு அணியின் கோல்கீப்பர் அவள். அவளைத் தாண்டிப் பந்து போவது குதிரைக் கொம்பு.

அன்று மாலை ஆறாம் வகுப்போடு கால்பந்து ஆட்டம். ஆனால் விடாமல் பெய்த மழையில் மைதானத்தின் ஒரு பாதி குளமாகிவிட்டது. தண்ணீரை இறைக்க விளையாட்டு ஆசிரியர் மோட்டாரைக் கொண்டுவந்தார்.

எவ்வளவு ஆழம் என்று பார்க்கப் போன சுவர், அப்படியே நின்றுவிட்டாள். கோலுக்கு முன்னால், தண்ணீர் ஓரத்துச் சேற்றில், பழுப்பு நிறக் குட்டிப் பறவைகள்! நீண்ட அலகால் குத்திக் குத்திப் புழுக்களைத் தின்றுகொண்டிருந்தன.

“சார், மோட்டாரைப் போட்டுடாதீங்க! இதோ வந்துடறேன்!”

பள்ளிக்குப் பின்னால்தான் ஆறு. அங்கே அவளுடைய சித்தப்பா ஒரு வாரமாகத் தொலைநோக்கியும் கையுமாகத் தவம் கிடந்தார்.

“ஸ்ஸ்! சத்தம் போடாத. பறவை வந்தா பறந்துடும்” என்றார் சித்தப்பா, திரும்பாமலே.

“வந்தாத்தானே பறக்கும்! இங்க சேத்தையெல்லாம் வெள்ளம் மூடிடுச்சே சித்தப்பா. சாப்பாடு இல்லாத இடத்துக்கு யாரு வருவா? எல்லாம் எங்க கோல்ல இருக்கு!”

சித்தப்பா விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“உள்ளான் குருவிங்க! வடக்க, பனி உருகுற ஊருக்குப் போய் முட்டையிடும். இங்க வயிறு நிறைய சாப்பிடலன்னா நடு வழியிலேயே சோர்ந்து விழுந்துடும்.”

“அப்ப ஆட்டம் கிடையாதா?” என்றான் ஆறாம் வகுப்புக் கேப்டன். “தோத்துடுவோம்னு பயந்து குருவிய சாக்கு சொல்றியா?”

சுவருக்குச் சுருக்கென்றது. வருஷம் முழுக்க அவள் காத்திருந்த ஆட்டம் இது. அவள் மைதானத்தை ஒரு நோட்டம் விட்டாள்.

“இந்தப் பாதி காய்ஞ்சுதானே இருக்கு? இங்க இருக்கிற ஒரு கோல் போதும். முதல்ல நீங்க அடிங்க, நான் தடுக்கறேன். அப்புறம் நாங்க அடிக்கறோம், நீங்க தடுங்க. ஆனா யாரும் கத்தக் கூடாது. விசிலும் வேண்டாம் சார், கையத் தூக்குங்க.”

ஆசிரியர் மோட்டாரை ஓரமாக வைத்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்படி ஓர் ஆட்டத்தை அந்தப் பள்ளிக்கூடம் பார்த்ததே இல்லை. பந்தைக் கேட்டவர்கள் கையை ஆட்டினார்கள். கீழே விழுந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பறவைகள் இவர்களைச் சட்டை செய்யவே இல்லை. தலை நிமிராமல் தின்றன.

சுவர் எல்லாவற்றையும் தடுத்துவிட்டாள். பிறகு அவளுடைய அணி ஒரு கோல் போட்டது. எல்லோரும் சத்தமில்லாமல் குதித்தார்கள்.

“இன்னும் ஒரே ஒரு அடி! அதையும் தடுத்துட்டா ஒத்துக்கறேன்” என்று கிசுகிசுத்தான் கேப்டன்.

சுவர் தலையசைத்தாள். பந்து மூலையை நோக்கிப் பறந்தது. சுவரும் பறந்தாள். பந்து அவள் கைக்குள்!

“சபாஷ்டா செல்லம்!” என்று மைதானமே அதிரக் கத்தினார் சித்தப்பா.

பறவைகள் விர்ரென்று எழும்பின. எல்லோருக்கும் திக்கென்றது. அவை வானத்தில் ஒரு வட்டம் அடித்து, மறுபடி அதே சேற்றில் வந்து இறங்கின.

சுவர் பந்தைக் கட்டிக்கொண்டபடியே சித்தப்பாவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

“ஸ்ஸ்! பறந்துடும்.”