சீரான வோல்டேஜ்

யாரும் கண்ட்ரோலரின் வேகக் குமிழைத் தொடவில்லை. ஆனால் ரயிலின் வேகம் குறைந்தது. வளைவிலோ ஏற்றத்திலோ குறைந்திருந்தால் ஜெனரல் மேனேஜர் மன்னித்திருப்பார். இது நேரான தண்டவாளம். நடுவழியில் எதையோ நினைத்துக்கொண்டதுபோல் தயங்கியது, மெல்ல வேகம் பிடித்தது, மறுபடியும் தயங்கியது.

ஜெனரல் மேனேஜர் என்பது மைத்துனன் வைத்த பெயர். அலுவலகத்தில் அவர் உதவி மேலாளராகவே ஓய்வு பெற்றவர். அங்கே கிடைக்காத பதவியை வீட்டின் பின்னறையில், ஒட்டுப்பலகை மேசையைச் சுற்றி ஓடும் கையகல ரயிலிடமிருந்து பெற்றுக்கொண்டார். தொப்பி உண்டு. பச்சைக் கொடி உண்டு. மனைவி அந்த மேசைக்கு அடியில் துடைப்பத்தை நீட்ட முன் அனுமதி வாங்க வேண்டும். பொம்மை என்ற சொல்லுக்கு அங்கே தடை.

அந்த மனைவிதான் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அன்று காலை வீடு திரும்பியிருந்தாள். தூங்கும்போது மூச்சை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெனரல் மேனேஜர் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தார். கவனிக்கக் கவனிக்க அவருக்கே மூச்சு முட்டியது.

"இப்படி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? உங்க ஜங்ஷனுக்குப் போங்க," என்றாள் அவள்.

"ஏதாவது வேணும்னா?"

"அபாயச் சங்கிலியப் பிடிச்சு இழுக்கறேன். போங்க."

நடுக்கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தார். மழை பிற்பகலை அந்தியாக்கியிருந்தது. சூடேறிய மோட்டாரின் எண்ணெய் வாடையோடு கதவு வழியே மருந்து வாடையும் கலந்து வந்தது. அப்போதுதான் ரயில் தயங்கியது.

அவர் ரயிலை எடுத்துவிட்டு, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் இரு நுனிகளையும் தண்டவாளத்தில் பொருத்தினார். முள் எழுந்தது, தணிந்தது. எழுந்தது, தணிந்தது. தம் ஆட்சியில் இப்படி ஒரு ஒழுங்கீனமா என்று முதலில் கோபம்தான் வந்தது. மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"அக்கா எப்படி இருக்கா அத்தான்?"

"தூங்கறா. மாப்ள, கண்ட்ரோலர்ல வோல்டேஜ் நிலையா நிக்க மாட்டேங்குது."

"ரயில எடுத்துட்டு வெறும் தண்டவாளத்துல அளந்தீங்களா? லோடு இல்லாட்டி அது வாய்க்கு வந்தத சொல்லும். ஒரு பல்பைக் கட்டிட்டுப் பாருங்க. அப்படியே இலாகா விசாரணையும் வச்சிடுங்க."

அது தமக்குத் தெரியாததுபோல் பேசியது பிடிக்கவில்லை. இருந்தாலும் கட்டினார். தண்டவாளத்தில் செருகிய சின்ன பல்பு, இருண்ட அறையில் மஞ்சளாக மலர்ந்து, சுருங்கி, மலர்ந்தது. அட்டை வீடுகளின் நிழல்கள் சுவரில் நீண்டு குறுகின. ஒயரை மாற்றினார், இணைப்புகளைச் சுரண்டித் துடைத்தார், கண்ட்ரோலரின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஈயப்பற்றையும் முகர்ந்து பார்த்தார். எதுவும் கருகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. நிழல்கள் மட்டும் நீண்டு குறுகின.

மழை சற்று ஓய்ந்தபோது அடுத்த அறையின் சத்தம் கேட்டது. மெல்லிய கரகரப்போடு அவள் மூச்சை இழுத்தாள்.

பல்பு மலர்ந்தது.

விட்டாள்.

சுருங்கியது.

தற்செயல் என்று தமக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிப் பார்த்தார். உடம்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பிளக் கையில் தொங்கியது. பல்பு மலர்ந்தது.

பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு விரல் குமிழை லேசாகக் குறைத்தது. அடுத்த அறையில் மூச்சு அறுந்தது. துடித்துப்போய்க் கூட்டினார். ஒரு விக்கல். பிறகு மூச்சு.

அதன்பின் முள் முன்போல் எழவில்லை. குமிழை முழுக்கத் திருகியும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக எழுந்தது. பூஜ்யத்தில் கொஞ்சம் அதிக நேரம் படுத்துக் கிடந்தது. ஓடிப்போய் அவள் தோளை உலுக்கினார். பெயரைச் சொல்லி அழைத்தார். அவள் தலை தலையணையில் உருண்டதே தவிர, கண் திறக்கவில்லை.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வழக்கமான அதட்டல் குரல் அவருக்கு வரவில்லை.

"ரோட்டுல தண்ணி நிக்குது சார். இப்பவே கிளம்பறோம், கொஞ்சம் லேட்டாகும். மூச்சு இருக்கா?"

"இருக்கு. கம்மியா. கம்மியாகிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் வாங்கய்யா."

ஐயா என்று அவர் யாரையும் அழைத்து வெகுகாலமாயிற்று.

பின்னறையில் முள் படுத்தே கிடந்தது. எழு. எழு. அரை மனதாக எழுந்தது.

அவர் உதிரிப்பெட்டியைத் தரையில் கொட்டினார். வோல்டேஜ் விழுந்தால் தாங்கிப் பிடிக்க அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கபாசிட்டர். ஏறும்போது கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். இறங்கும்போது அதைக் கொடுக்கும். முள்ளைக் கீழே விழ விடாது. இருந்ததிலேயே பெரியதை எடுத்தார். கட்டை விரல் தடிமன். கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல். முள் மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்து அதன் இரண்டு கம்பிக் கால்களையும் தண்டவாளத்தில் அழுத்தி டேப் சுற்றினார்.

முள் ஏறியது.

விழவில்லை.

பன்னிரண்டில் நின்றது. ஆடாமல், அசையாமல். பல்பு முழு மஞ்சளில் எரிந்தது. ரயிலை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார், பட்டுப்போல் ஓடியது. இத்தனை வருஷத்தில் அது அப்படி ஓடியதில்லை. அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். பிழைத்துக்கொண்டாள். பிழைத்துக்கொண்டாள்.

அவள் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. நல்ல, பலமான இழுப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

அடுத்தது வரவில்லை. இழுப்பு முடியவில்லை.

கதவுவரை தவழ்ந்தார். அவள் கண்கள் திறந்திருந்தன, அவரைத்தான் பார்த்தன. வாய் திறந்திருந்தது. ஜன்னல் திரை வெளியிலிருந்து அல்ல, உள்ளிருந்து இழுபட்டு அவள் பக்கம் நீண்டு நின்றது. போர்வைக்கு அடியில் நெஞ்சு உயர்ந்தது. விலா எலும்பு ஒன்று சன்னமாக முறிந்தது. ரயில் ஒரே சீராக ஓடியது.

நெஞ்சு இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது.