எல்லை தாண்டாத கேப்டன்

செல்போன் அலறியது!

பிரிக்பீல்ட்ஸ். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரு மாடி ஹால். மைக்கும் கையுமாக நின்றிருந்த கேப்டன் குகன், மேசை மேல் கிடந்த தன் போனை எட்டிப் பார்த்தார்.

திரையில் ஒளிர்ந்த பெயர்...

மாரிஸ்!

ஏசி குளிரில் முன்வரிசை அங்கிள்கள் வெடவெடத்துக்கொண்டிருந்தார்கள். குகனுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது.

மாரிஸ் எப்படிக் கூப்பிட முடியும்..?

திங்கள்கிழமை விடியலில் அவனுடைய பைக்கின் பிரேக் எண்ணெய்க் குழாய்களைத் தளர்த்திவிட்டு, "பாத்துப் போடா தம்பி" என்று கையசைத்து அனுப்பி வைத்ததே இந்தக் குகன்தான்! அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு மெசேஜ்கூட வரவில்லை. எந்த நாட்டு ரோட்டில் விழுந்தானோ, தெரியாது. போய்ச் சேர்ந்திருப்பான் என்று குகன் நிம்மதியாக இருந்தார்.

இப்போது போன்!

"எடுங்க கேப்டன்!" என்றார் முன்வரிசையில் இருந்த சபாபதி. ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க். கேப்டனின் முதல் சீடர். "பேங்காக்ல இருந்து யாராச்சும் டவுட் கேப்பாங்க லா!"

குகன் போனை அமுக்கி அதன் வாயை அடைத்தார்.

"கிளாஸ் நேரத்துல போன் எடுக்கக்கூடாது. அதான் டிசிப்ளின்!"

கைதட்டல்!

கேப்டன் என்ற பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அவரே கொடுத்துக்கொண்டது. மோட்டார்சைக்கிளில் ஒன்பது நாடுகள் சுற்றியவர் என்று அவருடைய ஃபேஸ்புக் பக்கம் சொல்லியது. கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட்டோடு தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா என்று நூற்றுக்கணக்கான படங்கள்.

ஹெல்மெட்டுக்குள் இருந்தவன் மாரிஸ்!

மாரிஸ் ஓட்டுவான். படம் அனுப்புவான். குகன் போர்ட் கிள்ளானில் தன் மாமாவின் சரக்கு ஸ்டோரில் விரித்த பாயில் படுத்துக்கொண்டு அறிவுரை எழுதுவார். ஊருக்குத்தான் உபதேசம்! போன வாரம் மாரிஸ் வாயைத் திறந்தான். "இதான் கடைசி டிரிப்பு அண்ணே. திரும்பி வந்ததும் படத்துல இருக்கறது நான்தான்னு எல்லாருக்கும் சொல்லப் போறேன்."

அன்றைக்கே குகன் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"எங்க விட்டேன்..?" குகன் தொண்டையைச் செருமினார். "ஆங்... பாஸ்போர்ட்! அத பின் பாக்கெட்ல வைக்காதீங்க. உக்காந்து உக்காந்து வளைஞ்சிடும். பார்டர்ல ஆபீசர் மூஞ்சி சுளிப்பான். பைக் கிராண்ட், அதான் பதிவுப் பத்திரம், ஒரிஜினல் எடுத்துக்குங்க. பைக் உங்க பேர்ல இல்லன்னா ஓனர்கிட்ட லெட்டர் வாங்குங்க. தாய்லாந்து இன்சூரன்ஸ பார்டர்லயே வாங்கிடுங்க. லாவோஸ் போனா வலது பக்கம் ஓட்டணும். மறந்தீங்க... லோரிக்காரன் ஞாபகப்படுத்துவான்!"

சிரிப்பு!

"கேப்டன், எனக்கு ஒரு டவுட்டு."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜீன்ஸ், சாதாரணச் சட்டை. கையில் ஒரு போன்.

"கேளுங்க சிஸ்டர்!"

"நான்தான் இப்ப உங்களுக்குப் போன் போட்டேன். ஏன் எடுக்கல?"

குகனின் மைக் 'கொய்ங்' என்று கத்தியது.

"இது மாரிஸோட போன். நான் இன்ஸ்பெக்டர் எவலின். கிள்ளான் போலீஸ்."

சபாபதி, கிளாஸை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்த தன் போனை எவலின் பக்கம் திருப்பினார். கேப்டனின் பெருமையை உலகம் பார்க்க வேண்டாமா?

"மாரிஸ்... மாரிஸுக்கு என்னாச்சு மேடம்?" குகனின் குரல் கீச்சென்று வந்தது.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி என் டவுட்டு. நீங்க கீழ உங்க குட்டி காப்சாய் பைக்குல வந்து எறங்கினப்போ பாத்தேன். ஜாக்கெட்ட முன்பின்னா திருப்பிப் போட்டிருந்தீங்க. ஜிப்பு முதுகுல."

"அது... காத்து நெஞ்சுல அடிக்காம இருக்க. நம்ம ஊர்ல சின்ன பைக் ஓட்டறவங்க எல்லாரும் அப்டித்தானே மேடம்?"

"ஆமா. எங்கப்பாவும் அப்டித்தான் போடுவாரு. ஆனா உங்க வெளிநாட்டுப் படத்துல ஒண்ணுலகூட நீங்க அப்டிப் போடல. ஜிப்பு முன்னால. முதுகுக்குப் பாதுகாப்பா வெச்ச தட்டு முதுகுல. ஹெல்மெட்டுக்குள்ள வேற ஆளோன்னு ஒரு சந்தேகம்."

அங்கிள்கள் குகனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வருடமாகக் கட்டிய கோட்டை! ஒரு ஜிப்பில் சரிவதா?

"மேடம்!" குகன் நெஞ்சை நிமிர்த்தினார். "வெளிநாட்டுல வெளிநாட்டு ஸ்டைல்! அந்தப் படத்துல இருக்கறது நான்தான்! போன புதன்கிழமை தாய்லாந்துல, ஹட்யாய்ல எடுத்தது!" (மாரிஸ் எப்போதோ அனுப்பிய பழைய படத்தைத்தான் குகன் புதன்கிழமை போட்டிருந்தார்.)

"புதன்கிழமை ஹட்யாய்ல இருந்தீங்க?"

"இருந்தேன்!"

"உறுதியா?"

"நான் சாட்சி மேடம்!" சபாபதி துள்ளி எழுந்தார். "கேப்டன் ஹட்யாய்லதான் இருந்தாரு! நான் லைக்கு போட்டேன்!"

"நானும் போட்டேன்!" பின்னாலிருந்து இன்னொரு குரல்.

எவலின் மெதுவாக மேடையை நோக்கி நடந்து வந்தாள்.

"நல்லது. புதன்கிழமை ராத்திரி ஹட்யாய்ல ஒரு லாட்ஜ்ல மாரிஸ கத்தியால குத்திக் கொன்னுட்டாங்க. தாய்லாந்து போலீஸ் ஆளத் தேடுது. அந்த ஊர்ல அவருக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான் கேப்டன்!"

குகனுக்குத் தலை சுற்றியது.

கத்தியா..?

அப்படியானால் பிரேக்? பிரேக் ஹட்யாய் வரை தாங்கியதா! தன் கைவேலையை நினைத்து அவருக்கே ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அடுத்த கணம் சந்தோஷம் பொங்கியது. நான் கொல்லவில்லை! வேறு எவனோ முந்திக்கொண்டான்! தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு!

ஆனால்... போகவில்லையே! தலைப்பாகையை விட்டுவிட்டுத் தலைக்கே அல்லவா திரும்பி வருகிறது!

"மேடம்... நான் அந்த லாட்ஜுக்குப் போகல..."

"போனாரு மேடம்!" சபாபதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அன்னிக்குப் போட்டாரே! 'ஹட்யாய்ல லாட்ஜ் எடுத்தா பைக்க ஜன்னல்லேர்ந்து பாக்கற மாதிரி ரூம் கேளுங்க'ன்னு! அருமையான டிப்ஸ் லா!"

"யோவ், வாய மூடுய்யா!"

"கேப்டனுக்கு அடக்கம் மேடம்."

எவலின் கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். சாதாரண உடுப்பில் நின்றிருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே நகர்ந்தார்கள்.

"தாய்லாந்துக்கு அனுப்பி வைக்கணும் கேப்டன். அங்க ஜெயில் எப்டின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒன்பது நாடு பாத்தவரு."

தெரியாத பாஷை, தெரியாத சோறு, தெரியாத தூக்குமேடை!

மானமா? கழுத்தா?

எதிரே நாற்பது சீடர்கள். அவரை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வந்தவர்கள். நாளைக் காலை அவர் தலைமையில் ஹட்யாய்க்குக் கான்வாய் போகப் பெட்டி கட்டியவர்கள். (நாளைக் காலை வருவதற்கு ஓர் இடுப்பு வலியை குகன் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார். அது வேறு விஷயம்.) இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

கான்ஸ்டபிளின் கையில் விலங்கு பளபளத்தது.

கழுத்து ஜெயித்தது!

"நான் போகல!" குகன் மைக்கில் அலறினார். "நான் ஹட்யாய் போகல! எந்த ஊருக்கும் போகல! எங்கிட்ட பாஸ்போர்ட்டே கெடையாது!"

கீழே கடையில் தட்டு கழுவும் சத்தம் மேலே கேட்டது.

"கேப்டன்..?" சபாபதியின் வாய் திறந்தபடியே நின்றது.

"கேப்டனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! படத்துல இருக்கறது எல்லாமே மாரிஸ்தான்!"

"நம்ப முடியல." எவலின் உதட்டைப் பிதுக்கினாள். "உயிருக்குப் பயந்து சொல்றீங்க. அப்போ எங்கதான் இருந்தீங்க?"

"போர்ட் கிள்ளான்ல! எங்க மாமாவோட ஸ்டோர்ல! ஞாயித்துக்கெழமைலேர்ந்து நேத்து வரைக்கும் வெளியவே வரல! கேட்ல காவலுக்கு இருக்கற ஜாகாவக் கேளுங்க! அவருதான் எனக்குக் கடைலேர்ந்து சாப்பாடு பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணிட்டு வந்து குடுத்தாரு!"

"தனியாவா?"

"ஞாயிறு ராத்திரி மாரிஸும் இருந்தான். திங்கக்கெழம காலைல அங்கேர்ந்துதான் பைக்க எடுத்தான். நான்தான் அனுப்பி வெச்சேன்!"

"அவர்மேல கோவமா இருந்தீங்கன்னு சாந்தமேரி சொல்றாங்களே? அவரோட சம்சாரம்."

"கோவமா! எனக்கா!" குகன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கூடப்பொறந்த தம்பி மாதிரி மேடம்! அவன் தூங்கறப்போ ராத்திரி பூரா முழிச்சிருந்து அவன் பைக்க நானே செக் பண்ணேன்! செயின், டயர், பிரேக்கு, எல்லாம் என் கையால! ஸ்டோர் சாவி எங்கிட்டதான். வேற ஒரு ஈ, எறும்புகூட அந்த பைக்கத் தொடல!"

"பிரேக்கயும் நீங்கதான் பாத்தீங்க?"

"நான்தான்! நான் மட்டும்தான்!"

எவலின் சபாபதியிடம் திரும்பினாள்.

"அங்கிள், எல்லாம் பதிவாச்சா?"

"நேரலைல போய்ட்டு இருக்கு மேடம்," என்றார் சபாபதி ஈனசுரத்தில்.

"ரொம்ப நன்றி." எவலினின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "குகன், மாரிஸ் ஹட்யாய் போகல. அவரும் எல்லையத் தாண்டல. திங்கக்கெழம காலைல கிள்ளான் பக்கத்துலயே, காப்பார் ரோட்டு சிக்னல்ல பிரேக் பிடிக்காம, நின்னுட்டு இருந்த லோரிக்குப் பின்னால போய் அடிச்சு, அங்கயே உயிர விட்டுட்டாரு. ரெண்டு பிரேக்லயும் குழாய் போல்ட்ட ஸ்பேனர் வெச்சுத் தளர்த்தியிருக்கு. உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னு பேப்பர்ல வராம பாத்துக்கிட்டோம்."

குகன் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார்.

"கத்தி..?"

"கத்தியும் இல்ல, லாட்ஜும் இல்ல. நீங்க நாட்ட விட்டே போகலன்னு இமிகிரேஷன்ல அன்னிக்கே சொல்லிட்டாங்க. ஆனா நாட்டுக்குள்ள எங்க இருந்தீங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. மாரிஸ் எங்கேர்ந்து கெளம்பினாருன்னு அவர் சம்சாரத்துக்கே தெரியல. கேட்டவங்க எல்லாம் ஹட்யாய், ஹட்யாய்னு சத்தியம் பண்ணாங்க. பைக்குக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு முழு நாடு நின்னுச்சு. இப்ப நீங்களே அதத் தூக்கி ஓரமா வெச்சிட்டீங்க!"

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் மைக் வைத்துக் கெட்டது!

"சாந்தமேரி அக்கா நாலு நாளா ஆஸ்பத்திரி பொணவற வாசல்லயே உக்காந்திருக்காங்க," என்றாள் எவலின் தாழ்ந்த குரலில். "எந்த ஊருக்கும் போகத் துப்பில்லாத ஒருத்தனுக்காக ஊர் ஊரா ஓட்டின மனுஷன். போன மாசம்தான் பங்சார்ல ஒரு கடைல உக்கார வெச்சு, தாய்லாந்து படத்தையெல்லாம் அவங்களுக்குக் காட்டியிருக்காரு. உங்க பேருதான் அதுல இருந்துச்சு."

எவலினுக்குக் குகனை ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. நேரலை ஓடிக்கொண்டிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டாள்.

விலங்கு 'க்ளிக்' என்று விழுந்தது. ஒன்பது நாடு கண்ட கேப்டனை இரண்டு கான்ஸ்டபிள்கள் மாடிப்படியில் இறக்கினார்கள். எந்தச் சீடரும் கைதட்டவில்லை.

எவலின் கடைசியாகக் கிளம்பும்போது, பின்னால் ஒரு தயக்கமான இருமல்.

சபாபதி!

"மேடம்... தப்பா நெனக்காதீங்க. நாளைக்கு ஹட்யாய் கான்வாய்... நாங்க போலாமா? எல்லாரும் லீவு போட்டாச்சு லா..."

எவலின் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாராளமாப் போய்ட்டு வாங்க அங்கிள்! பைக்க மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி கேப்டன்கிட்ட காட்டாதீங்க!"