பெய் லான்யூவின் உதடுகள்

ஏழாவது வசனத்துக்கு முன்னால் ஒரு மூச்சு கேட்டது. அது அங்கே இருக்க வழியில்லை.

அம்சவள்ளி படத்தை நிறுத்தினாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி அறையைக் கவனித்தாள். நெல் மூட்டை அடுக்கிவைத்திருந்த பின்னறையைத்தான் அவள் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தாள். ஜன்னலை அடைத்து ஆணியடித்த பழைய மெத்தை வழியாக, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரின் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல வந்து தேய்ந்து போனது. மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். வியர்வை, மெத்தைப் பஞ்சு, கரும்புப்பாகு எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. மூங்கில்துறைப்பட்டில் அரவைப் பருவம் முடியும்வரை பாகு வாசனை சோற்றில்கூட இருக்கும். பகல் பதினொரு மணி. வீட்டில் வேறு யாரும் இல்லை.

திரும்பவும் ஓட்டினாள். சென்னையிலிருந்து வரும் கோப்பில் நடிகர்களின் பேச்சை முழுதாக எடுத்துவிட்டிருப்பார்கள். காற்று, பனியில் கால் புதையும் ஒலி, பட்டு உரசல், புல்லாங்குழல், இவ்வளவுதான் மிச்சம். பேச்சையும் மூச்சையும் டப்பிங் பேசுகிறவள்தான் போட வேண்டும். ஆனால் மூச்சு அங்கே இருந்தது. மூக்கு வழியாக இழுத்து, கடைசியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி விடுபடும் சின்ன 'ட்'.

கோபமாகப் பேசுவதற்கு முன்னால் பெய் லான்யூ அப்படித்தான் மூச்சிழுப்பாள். உலகத்தில் வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அம்சவள்ளிக்குத் தெரியும். பதினோரு வருஷமாக அவளுக்குத் தமிழில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவள் அவள்தான்.

சீனத் தொடர்கள் தமிழில் வரத் தொடங்கிய சமயம், வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் அம்சவள்ளிக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் அரண்மனைப் பணிப்பெண். நாலே வசனம். திரையில் அந்தப் பணிப்பெண்ணாக நின்றவள் பத்தொன்பது வயது லான்யூ. அடுத்த தொடரில் லான்யூ விஷம் குடித்துச் சாகும் இரண்டாவது நாயகி. அம்சவள்ளி அவளுக்காக இருமி இருமி இரண்டு நாள் தொண்டை கட்டிக் கிடந்தாள். பிறகு நாயகி. பிறகு 'பனிமாளிகை' என்ற அறுபத்திரண்டு பாகத் தொடரில் பேரரசி. கள்ளக்குறிச்சி துணிக்கடையில் 'பேரரசி பட்டு' என்று போர்டு வைக்கும் அளவுக்கு அது ஓடியது. இரண்டு சினிமா, ஒன்றில் போலீஸ், ஒன்றில் கண் தெரியாத வாள்வீச்சுக்காரி. முப்பது தொடும் முன்பே அவளை அம்மா வேடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மகனாக நடித்தவன் அவளைவிட ஒரு வயது மூத்தவன். அவனுக்கு அதற்குப் பிறகும் நாயகன் வேடம்தான்.

போன வருஷம் லான்யூ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேக்கப் இல்லாமல், ஒரு தயாரிப்பாளர் தனக்கும் இன்னும் நாலு பெண்களுக்கும் செய்ததைப் பதினோரு நிமிடம் பேசினாள். அம்சவள்ளி அதைக் கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளோடு போனில் பார்த்தாள். மறுவாரம் அந்தக் காணொளி இல்லை. அதற்கு அடுத்த வாரம் லான்யூவே இல்லை. தொடர்களின் பட்டியலில் அவள் பேர் இருந்த இடத்தில் வெறும் கோடு. போஸ்டர்களில் மற்றவர்கள் அப்படியே நிற்க, நடுவில் ஓர் ஆள் அளவுக்கு வெற்றிடம். எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பது யாருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் சென்னையிலிருந்து ராஜாங்கம் கூப்பிட்டான். டப்பிங் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிறவன்.

"அக்கா, அதே பனிமாளிகைதான். திரும்ப உடறாங்க. வசனமெல்லாம் அதே. பேரரசி மூஞ்சிய மட்டும் கம்ப்யூட்டர்ல மாத்திட்டாங்க. புதுப் பொண்ணு, இருவத்திரண்டு வயசு. அதனால கொஞ்சம் சின்னக் கொரலா பேசி அனுப்பிடுங்க."

"லான்யூ இன்னா ஆச்சு தம்பி?"

"அங்க இன்னாவோ பிரச்சனக்கா. அந்தப் பேரே எங்கியும் வரக்கூடாதுன்றாங்க."

"பதினோரு வருசம் நான் அதுக்குப் பேசியிருக்கேன்."

"உங்களுக்கு இன்னாக்கா. உங்க பேருதான் எதுலயுமே இல்லியே. உங்களுக்கு ஒரு பிரச்சனையும் வராது."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அம்சவள்ளி போனைக் கீழே வைத்துவிட்டுச் சட்னிக்குத் தேங்காயைப் போட்டு மிக்ஸி மூடியைத் திருகினாள். திருகிய வேகத்தில் மூடி கையோடு உடைந்து வந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தாள். "எப்ப வேணும்" என்றுதான் வந்திருந்தது. அந்தக் கோபம் மூன்று வாரமாக அப்படியே கிடந்தது. ராஜாங்கத்தின் மேல், முகம் தெரியாத அந்தத் தயாரிப்பாளர் மேல், எல்லோரையும்விடத் தன்மேல். அதோடுதான் முதல் எட்டு பாகங்களையும் சின்னக் குரலில், தேன் தடவிய குரலில் பேசி முடித்து அனுப்பினாள்.

இப்போது ஒன்பதாவது பாகம். ஒரு மூச்சு.

அன்று அவள் அதற்கு மேல் வசனம் பேசவில்லை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு அவள் புருஷன் சுப்புராயன் வந்தான். ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை. சட்டையில் கரிப்பொடி. சாப்பிட உட்கார்ந்து குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"காலைல யாரு வந்திருந்தா?"

"யாரும் வர்லியே."

"எதிர்வூட்டு கொளஞ்சியம்மா சொல்லுது, ரெண்டு பொம்பளைங்க சண்ட போட்டுக்கினு இருந்தாப்ல சத்தம் கேட்டுச்சாம். நீ ஒருத்தி. இன்னொருத்தி யாருன்னு என்னக் கேக்குது."

"நான் ஆறு வசனம்தான் பேசினேன். அதுவும் மெதுவா."

"வேலய கம்மி பண்ணிக்க. கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது பாரு."

அந்த அறையிலிருந்து எதிர்வீட்டுக்குச் சத்தம் போகாது. அதற்காகத்தான் ஜன்னலில் மெத்தையும் சுவரில் முட்டை அட்டைகளும். சுப்புராயனுக்கும் அது தெரியும்.

மறுநாள் பத்து மணிக்கு அவன் இல்லாத வீட்டில் அவள் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பதாவது பாகத்தில் பேரரசி பனியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் நீண்ட காட்சி. தலையைக் குனிந்தபடியே பேச வேண்டும், காட்சி முடியும்வரை நிமிரக்கூடாது. திரையில் அந்தப் புதுப் பெண்ணின் முகம் கழுவி வைத்த பீங்கான் தட்டுபோல வழவழவென்று இருந்தது. முகத்தைத்தான் மாற்றியிருந்தார்கள். உதட்டின் அசைவு லான்யூவுடையதுதான். மேலுதட்டின் இடது ஓரம் முதலில் எழும். அம்சவள்ளி அந்த உதடுகளைத் தன் புருஷன் முகத்தைவிட அதிகம் பார்த்திருக்கிறாள்.

முதல் வசனத்தைப் பேசினாள். பொருந்தவில்லை.

இன்னொரு முறை. இல்லை. 'மன்னித்தருள வேண்டும்' என்பது காகிதத்தில் இருந்தது. அதற்கு முதலிலேயே உதடு மூட வேண்டும். திரையில் உதடு மூடவில்லை. முதலில் பல் தெரிய இரண்டு பக்கமும் இழுபட்டது. அப்புறம் குவிந்தது. ஒரு முறை மூடியது. மூடி, அகலத் திறந்து, அப்படியே நின்றது. அடுத்த வசனத்திலும் அதேதான். அடுத்ததிலும். குழல் ஊதிக்கொண்டிருந்தது, பனி விழுந்துகொண்டிருந்தது, பேரரசி குனிந்த தலையோடு அதே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீனத்தில் எதுவாகவோ இருக்கட்டும். உதட்டைப் பார்த்துத் தமிழ்ச் சொல்லைத் தேடுவதுதான் அம்சவள்ளியின் தொழில். மனம் தானாகத் தேடியது. இழுபடுகிறது, அது 'நீ'. குவிகிறது, 'யு'. மூடித் திறக்கிறது, 'மா'.

பொருந்துகிறதா என்று பார்க்க, பழக்கத்தில், வாய்விட்டுச் சொன்னாள்.

"நீயுமா?"

துளி பிசகாமல் பொருந்தியது.

ஹெட்போனில் மூச்சு வந்தது. இந்த முறை இடது காதில் மட்டும். மிக அருகில். காது மடல் சூடாகும் அளவுக்கு.

எழுந்து கதவைத் திறந்து வெளியே ஓடியிருக்கலாம். கதவு இரண்டு எட்டில் இருந்தது, அதன் கீழ் இடுக்கில் பகல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஆனால் அவளுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. மூன்று வாரமாக, இல்லை, பதினோரு வருஷமாகத் தேக்கி வைத்திருந்தது.

"நான் இன்னா பண்ணேன்?" என்றாள் திரையைப் பார்த்து. "ஒன்ன அழிச்சது நானா? என்னக் கேட்டா அழிச்சாங்க?"

உதடுகள் இழுபட்டன. குவிந்தன. மூடித் திறந்தன.

"எங்கிட்ட கேக்காத. எவன் பண்ணானோ அவன் வூட்டுல போயி கேளு. நான் மாட்டேன்னா இன்னொருத்தி பேசப் போறா. ஒனக்கு அழுவ ஊரே இருந்துச்சு. நீ விஷம் குடிச்சப்ப ஊரு அழுதுச்சே, அது யாரு கொரலக் கேட்டு அழுதுச்சு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எம் பேரு போட்டாங்களா? ஒனக்குப் போறதுக்காச்சும் ஒரு மூஞ்சி இருந்துச்சு."

அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. அந்த அறையில் இதுவரை அவள் சொந்த வார்த்தை எதுவும் பேசியதில்லை. பேசப் பேசச் சுகமாக இருந்தது. அதுதான் பயங்கரமாகவும் இருந்தது. ஏனென்றால் திரையில் லான்யூவின் உதடுகள் இப்போது அவளோடு சேர்ந்து அசைந்தன. அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும். முந்தவில்லை, பிந்தவில்லை.

நிறுத்த நினைத்தாள். திரையில் வாய் நிற்கவில்லை. அதனால் அவள் வாயும் நிற்கவில்லை.

"எம் மூஞ்சிய எவன் பாத்தான்? அம்சவள்ளின்னு ஒருத்திக்கு மூஞ்சி இருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? இதுவும் இருந்து இன்னா பிரயோசனம். வேணும்னா நீயே வச்சிக்க."

உதடுகள் நின்றன.

குழல் நின்றது. காற்று நின்றது. பதிவாகிறது என்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

நிமிரக்கூடாத காட்சியில், பேரரசி நிமிர்ந்தாள்.

மெதுவாக. பனி தலையிலிருந்து உதிர. அந்த வழவழப்பான முகம், பால்மேல் படிந்த ஆடை கரண்டி பட்டதும் ஒதுங்குவதுபோல, சுருங்கி ஒரு பக்கமாக ஒதுங்கியது. அடியில் காயம் இல்லை. ரத்தம் இல்லை. எலும்புகூட இல்லை. முகம் இருக்க வேண்டிய ஓர் இடம் மட்டும் இருந்தது. அந்த இடம் அவளைப் பார்த்தது.

அம்சவள்ளியின் கன்னத்தில் ஏதோ சில்லென்று பட்டது.

மாசி மாதம். மூடிய அறை. விசிறி இல்லை.

நெற்றியில் பட்டது. இமையில். உதட்டில் பட்டுக் கரைந்தது. கையைத் தூக்க முடியவில்லை. கத்த முடியவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த ஈரத்துணியை உரிப்பதுபோல, நெற்றியிலிருந்து கீழாக, ஏதோ ஒன்று நிதானமாக நகர்ந்தது. வலிக்கவில்லை. குளிர்ந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஆலைச் சங்கு ஊதியது. கதவுக் கீழிடுக்கு வெளிச்சத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. கதவு திறந்தது.

சுப்புராயன்.

அவன் அவளைப் பார்த்தான். ஒரு எட்டு பின்னால் வைத்தான். கரி படிந்த கையை அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"யாருங்க நீங்க?"

அவள் எழுந்தாள். வாயைத் திறந்தாள். நான்தான் மாமா. ஒன்றும் வரவில்லை. மூச்சுகூட வரவில்லை.

"அம்சாவப் பாக்க வந்தீங்களா? பட்டணத்துல இருந்து வர்றீங்களா?" வயசுப் பெண்ணிடம் பேசும் கூச்சம் அவன் குரலில் இருந்தது. அவளை நேராகப் பார்க்காமல் நிலைக்கால் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான். "இந்த ரூமுக்குள்ள அது யாரயும் உடாதே. எங்கங்க அது?"

அவன் கையைப் பிடிக்கப் போனாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். மானிட்டரின் கறுத்த ஓரத்தில் தன் பிம்பத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. பீங்கான்.

சுப்புராயன் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தான். அவன் முகம் தளர்ந்தது. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"அட. அம்சா இதுல வந்திருக்குது."

அவள் திரும்பினாள்.

பனியில், பேரரசியின் கனத்த பட்டு உடையில், கிரீடத்துக்குக் கீழே, நாற்பத்தொரு வயது முகம் ஒன்று மண்டியிட்டிருந்தது. எட்டுக்கல் மூக்குத்தி. கன்னத்தில் அம்மைத் தழும்பு. கழுத்து நரம்பு புடைக்க, வாயைக் கிழியக் கிழியத் திறந்து, திரைக் கண்ணாடியின் உள்பக்கம் வரை வந்து அது கத்திக்கொண்டிருந்தது. விழுகிற பனி அந்தத் திறந்த வாய்க்குள் விழுந்துகொண்டிருந்தது.

அறையில் சின்னச் சத்தம்கூட இல்லை.

சுப்புராயன் குனிந்து மானிட்டருக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான்களைப் பார்த்தான். எதைத் தொடுவது என்று தெரியாமல் விரலை மேலேயே வைத்திருந்தான். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற அந்நியப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டான்.

"இதுக்கு சத்தம் எப்பிடிங்க வெக்கிறது?"